ஈவா ஹெஸ்ஸேயின் ரப்பர் சிற்பங்கள்: புதிதாகச் செய்து வைக்கலாமா, அப்படியே விட்டுவிடலாமா?

பத்மா_ஓவியம்:
வணக்கம். நான் பள்ளியில் ஓவியம் கற்றுத்தருகிறேன். போன வாரம் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஈவா ஹெஸ்ஸேயைப் பற்றிப் பேசினேன். ஒரு மாணவி கேட்ட கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அதை இங்கே வைக்கிறேன்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: ஹெஸ்ஸே 1936இல் ஹாம்பர்கில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். நாஜிகளிடமிருந்து தப்பிய குடும்பம் 1939இல் நியூயார்க் வந்து சேர்ந்தது. அவர் படித்தது ஓவியம். 1964இல் ஜெர்மனியின் கெட்விக் ஊரில், ஓட்டம் நின்றுபோன ஒரு நெசவாலைக் கட்டடத்தில் வேலை செய்ய இடம் கிடைத்தது. அங்கே கேட்பாரற்றுக் கிடந்த கயிறையும் இயந்திரத் துண்டுகளையும் எடுத்துப் பலகையில் ஒட்ட ஆரம்பித்தார். ஊர் திரும்பும்போது அவர் சிற்பி. 1967 முதல் ரப்பர் பால், 1968 முதல் ஃபைபர்கிளாஸ் (ரெசின் என்ற பிசினில் இறுகிய கண்ணாடி இழை). 1970 மே மாதம் மூளைக் கட்டியால் இறந்தபோது வயது 34.

சல்லாத் துணியில் ரப்பர் பாலைப் பூசிப் பூசி அவர் செய்தவை முதலில் ஒளி ஊடுருவும்படி வெளிறிய தேன் நிறத்தில் இருந்தன. இன்று பல பழுப்பேறி, விறைத்து, தொட்டால் நொறுங்கும் நிலையில் இருக்கின்றன. சில வெளியே எடுக்க முடியாமல் பெட்டிக்குள்ளேயே கிடக்கின்றன. மாணவி கேட்டது இதுதான்: "எப்படிச் செஞ்சாங்கன்னு தெரியும்ல டீச்சர்? அப்போ புதுசா செஞ்சு வெச்சா என்ன?"

குலசேகரத்துக்காரன்:
மூன்று தலைமுறையாக எங்கள் வீட்டில் ரப்பர்தான் சோறு போடுகிறது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: செய்து வைக்கலாம், வைக்கத்தான் வேண்டும்.

காலையில் சிரட்டையிலிருந்து எடுக்கும் பால் பசும்பால் மாதிரி இருக்கும். ஆசிட் ஊற்றித் தட்டில் உறைய வைத்து, மிஷினில் கொடுத்து ஷீட் அடித்து, புகைப்புரையில் தொங்கவிட்டால்தான் அது சரக்கு. புகை காட்டாமல் விட்ட ஷீட்டில் நாலு நாளில் பூசணம் ஏறும். வெயிலில் மறந்து போட்டால் முதலில் பிசுபிசுக்கும், அப்புறம் விறைக்கும், கடைசியில் மடித்த இடத்தில் பிளக்கும். காற்றும் வெளிச்சமும் ரப்பருக்கு எமன். கந்தகம் சேர்த்துச் சூடாக்கிப் பதப்படுத்தினால் டயர் மாதிரி உழைக்கும். அதைச் செய்யாமல் மெல்லிய துணியில் பூசிக் கூடத்தில் தொங்கவிட்டால் என்ன ஆகும் என்பதை எங்கள் தோட்டத்தில் பால் எடுக்கும் பெண்களே சொல்லிவிடுவார்கள்.

அந்த அம்மையாரின் திறமையைக் குறை சொல்லவில்லை. ஆனால் இந்தப் பொருள் கெடும் என்று தெரியாமல் பூசியிருந்தால் அது தவறு. தவறைத் திருத்த இன்று வழி இருக்கிறது. நல்ல பால் வாங்கி, பதப்படுத்தி, அதே அளவில் செய்து வைக்கட்டுமே. அவர் மனசில் பார்த்தது தேன் நிறத்தைத்தானே, கரிக்கட்டையை அல்லவே.

தறியோசை:
அண்ணா, ரப்பரைப் பற்றி நீங்கள் சொன்னதில் ஒரு எழுத்தையும் மறுக்க மாட்டேன். ஆனால் அவருக்குத் தெரியாது என்பது சரியில்லை. தெரியும்.

1970இல், சாவதற்குச் சற்று முன், கலை விமர்சகர் சிண்டி நெம்சருக்குக் கொடுத்த நேர்காணலில் இதைப் பற்றிப் பேசியிருக்கிறார். யாராவது வாங்க வந்தால் தனக்குக் கொஞ்சம் குற்ற உணர்வாக இருப்பதாகவும், இது நிலைக்காது என்று அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதத் தோன்றுவதாகவும் சொன்னார். அதே மூச்சில், ரப்பர்தான் வேண்டும் என்றால் அதுதான் முக்கியம் என்றார். வாழ்க்கையும் நிலைப்பதில்லை, கலையும் நிலைப்பதில்லை என்று முடித்தார். தெரிந்தேதான் அந்தப் பொருளை எடுத்தார்.

இனி 'அதே அளவில் செய்து வைக்கலாம்' என்பதற்கு வருகிறேன். நான் நெசவுக் குடும்பம். ஒரே தறி, ஒரே நூல், ஒரே டிசைன் கொடுத்தாலும் என் அப்பா நெய்ததும் சித்தப்பா நெய்ததும் ஒன்றாக இருக்காது. கண்ணை மூடிக்கொண்டு முந்தானையைத் தடவிப் பார்த்து யார் கை என்று அம்மா சொல்வார். இத்தனைக்கும் எங்களுக்கு இழை எண்ணிக்கை உண்டு, டிசைன் அட்டை உண்டு. ஹெஸ்ஸேயிடம் எதுவும் கிடையாது. ஒரு பூச்சு காயும் வரை காத்திருந்து, பார்த்து, அடுத்த பூச்சைப் போடலாமா என்று அந்த நொடியில் முடிவு செய்தவர். ஓரம் சுருண்டால் சுருளட்டும் என்று விட்டவர். அந்த முடிவுகள்தான் சிற்பம். அவற்றைத் தாளில் எழுதிவைத்து இன்னொருவர் கையில் கொடுக்க முடியாது.

நீலவண்ணம்:
தறியோசை, உணர்ச்சி புரிகிறது. ஆனால் 'அவர் கை' என்று நீங்கள் சொல்லும் இடத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஃபைபர்கிளாஸ் வேலைகள் பலவற்றில் அவருக்கு உதவியாளர்கள் இருந்தார்கள். அவர்களோடு சேர்ந்துதான் அச்சுப் போட்டார், ரெசின் ஊற்றினார். கடைசி வருடத்தில் உடம்பு முடியாமல் போனபோது இன்னும் அதிகமாக மற்றவர் கைகள் வேலை செய்தன. அந்தக் கைகளை அவர் ஏற்றுக்கொண்டார் என்றால், அதே முறையில் இன்று செய்வதை மட்டும் ஏன் மறுக்க வேண்டும்?

இன்னொன்று. 'கலை நிலைப்பதில்லை' என்ற ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு அவர் எல்லாம் அழியட்டும் என்று விரும்பியதாகச் சொல்வது அநியாயம். மூளையில் அறுவை சிகிச்சைகள் முடிந்து, சாவைப் பக்கத்தில் பார்த்துக்கொண்டிருந்த 34 வயதுப் பெண் சொன்ன வாக்கியம் அது. அவருடைய நெருங்கிய நண்பர் சால் லெவிட், அவர் தன் படைப்புகள் நிலைக்க வேண்டும் என்றுதான் விரும்பினார் என்ற கருத்து உடையவர். குற்ற உணர்வு இருந்தது என்றாலே அழிவதில் அவருக்குச் சம்மதம் இல்லை என்றுதானே பொருள்?

டாமியன் ஹர்ஸ்ட் என்ற கலைஞரின் படைப்பான செத்த சுறா 1991இல் கண்ணாடித் தொட்டியில் வைக்கப்பட்டது. அழுகிப் போனதும் 2006இல் வேறு சுறாவை வைத்தார்கள். இன்றும் அதை அதே படைப்பாகத்தான் பார்க்கிறோம்.

தறியோசை:
சுறாவை மாற்றியபோது ஹர்ஸ்ட் உயிரோடு இருந்தார். சம்மதித்தார். ஹெஸ்ஸேயை யார் போய்க் கேட்பது?

உதவியாளர் விஷயமும் அப்படித்தான். பக்கத்தில் நின்று 'போதும், இத்தோடு நிறுத்து' என்று சொல்ல அவர் இருந்தார். அந்தப் 'போதும்' இன்று யார் வாயிலிருந்து வரும்?

குலசேகரத்துக்காரன்:
நேர்காணல் பற்றிச் சொன்னதற்கு நன்றி தம்பி. எனக்கு அது தெரியாது. 'தெரியாமல் பூசினார்' என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன்.

ஆனாலும் மனசு ஆறவில்லை. தெரிந்தே செய்தார் என்றால் வருத்தம் கூடத்தான் செய்கிறது. லியோனார்டோவும் இதைத்தானே செய்தார்? ஈரச் சுண்ணாம்பில் வேகமாகத் தீட்டுவது பிடிக்காமல், காய்ந்த சுவரில் தன் இஷ்டத்துக்கு ஒரு முறையைப் பரிசோதித்துப் பார்த்தார். 1498 வாக்கில் முடித்த 'கடைசி இராவுணவு' அவர் கண்முன்னாலேயே உதிர ஆரம்பித்தது. 1999இல் முடிந்த செப்பனிடலுக்கு மட்டும் இருபது வருடத்துக்கு மேல் ஆனது. அதை யாராவது 'அவர் விருப்பம், உதிரட்டும்' என்று விட்டார்களா?

பத்மா_ஓவியம்:
ஐயா, விடவில்லை. அதே சமயம் சுவரைச் சுரண்டிவிட்டுப் புதிதாகத் தீட்டவும் இல்லை. செப்பனிடுவது வேறு, திரும்பச் செய்வது வேறு. நாம் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம் என்று நினைக்கிறேன்.

ஹெஸ்ஸேயின் 'எக்ஸ்பாண்டட் எக்ஸ்பான்ஷன்' (1969) மூன்று மீட்டருக்கு மேல் உயரம். ஃபைபர்கிளாஸ் கம்புகள் சுவரில் சாய்ந்து நிற்கும், அவற்றுக்கிடையே ரப்பர் பூசிய சல்லாத் துணி திரை மாதிரி தொங்கும். எவ்வளவு விரிப்பது, எவ்வளவு நெருக்குவது என்பதை இடத்தைப் பார்த்து முடிவு செய்துகொள்ளலாம். அப்படி இழுத்தும் குறுக்கியும் வைக்கச் செய்த துணி இன்று மடங்க மறுக்கிறது. நியூயார்க் குகன்ஹைம் அருங்காட்சியகம் அதைப் பல வருடங்கள் பெட்டியிலேயே வைத்திருந்தது. பிறகு ஆராய்ந்து, செப்பனிட்டு, 2022இல் மக்கள் பார்வைக்கு வைத்தது. வைத்தது மூலத்தைத்தான். கறுத்த நிறம் கறுத்த நிறமாகவே இருந்தது.

எனக்கு அதுதான் சரியான வழி என்று படுகிறது. ஆனால் மாணவியிடம் இதைச் சொன்னபோது, "அப்போ இன்னும் ஐம்பது வருஷத்துல?" என்றாள்.

நீலவண்ணம்:
மாணவி கேட்டது சரியான கேள்வி. ஐம்பது வருடத்தில் தூள்தான் மிஞ்சும். அன்றைக்கு ஒரு பிள்ளைக்குக் காட்ட என்ன இருக்கும்? புகைப்படத்தில் ஹெஸ்ஸேயைப் பார்ப்பது பார்ப்பதே இல்லை. அவருடைய வேலையின் உயிரே எடையில் இருக்கிறது. கயிறு எப்படித் தொய்கிறது, துணி எப்படிக் கனத்து இறங்குகிறது என்பதை அதன் முன்னால் போய் நின்று உடம்பால்தான் உணர முடியும். 'இது பிரதி, இந்த வருடம் செய்தது' என்று தெளிவாக எழுதி, பக்கத்தில் ஒன்று வைத்தால் யாருக்கு நஷ்டம்? நாவும் காபோவின் பிளாஸ்டிக் சிற்பங்கள் வளைந்து வெடித்துப் போனபோது, பிரதி செய்யலாமா என்பதை டேட் அருங்காட்சியகம் 2007இல் நிபுணர்களைக் கூட்டி வெளிப்படையாகவே விவாதித்தது. மூலத்தைத் தூக்கி எறியுங்கள் என்று நான் சொல்லவில்லை. அதற்குத் துணையாக ஒன்று வேண்டும் என்கிறேன்.

சிலாங்கூர்_செல்வி:
இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எனக்குக் கலை தெரியாது. ஆனால் ரப்பர் பால் பூசிய துணி ஒன்று என் வீட்டில் இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

என் அம்மா சிலாங்கூரில் ஒரு தோட்டத்தில் பால்மரம் சீவியவர். விடியற்காலை தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு கிளம்புவார். மரத்தில் பால் வடியும் மங்குக் கிண்ணத்திலிருந்து வாளிக்கு ஊற்றும்போது சிந்துகிற பால் சட்டையின் முன்பக்கமும் வலது கையும் முழுக்கப் படியும். துவைத்தால் போகாது. அடுத்த நாள் அதன்மேல் இன்னொரு படிவு. வேலைக்கென்று ஒரு நீளக்கைச் சட்டை வைத்திருந்தார். வருடக்கணக்கில் பால் படிந்து படிந்து அது துணியாகவே இல்லாமல் தோல் மாதிரி ஆகிவிட்டது. கழற்றி ஆணியில் மாட்டினால் அம்மாவின் முழங்கை மடங்கிய நிலையிலேயே கை நிற்கும்.

அம்மா போன பிறகு அதை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டேன். முதலில் பழுப்பாக இருந்தது, இப்போது கறுப்பு. ஒருமுறை பெட்டிக்குள் அடங்கவில்லை என்று மடிக்கப் பார்த்தேன். முழங்கையில் கீறல் விட்டுவிட்டது. அன்று முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பத்மா டீச்சர் சொன்ன சிற்பங்களை இணையத்தில் தேடிப் பார்த்தேன். 'கன்டிஞ்சென்ட்' என்று ஒன்று, எட்டுத் துணிகள் வரிசையாகத் தொங்குகின்றன. நடுவில் ரப்பர் பூசிய சல்லாத் துணி, மேலும் கீழும் ஃபைபர்கிளாஸ். பார்த்தவுடன் எங்கள் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) கொடியில் காய்ந்த சட்டைகள்தான் ஞாபகம் வந்தன. அந்தச் சிற்பத்தை எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

தறியோசை:
அக்கா, இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுத ஓடவில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அதே மாதிரி ஒரு சட்டை தைத்து, பால் தோய்த்துத் தருகிறேன் என்று யாராவது வந்தால் வாங்கிக்கொள்வீர்களா?

சிலாங்கூர்_செல்வி:
எனக்கு வேண்டாம் தம்பி. அதில் அம்மாவின் முழங்கை இருக்காது.

ஆனால் என் பேரன் கோலாலம்பூரில் அடுக்குமாடியில் வளர்கிறான். பால்மரத்தையே பார்த்ததில்லை. பாட்டி என்ன கனத்தைச் சுமந்துகொண்டு நடந்தார் என்று அவன் போட்டுப் பார்க்க ஒரு சட்டை கிடைத்தால், அதை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அம்மாவின் சட்டையை அவனிடம் போடக் கொடுக்க முடியாது. நொறுங்கிவிடும்.

நீலவண்ணம்:
நான் சொல்ல வந்ததை என்னைவிட நன்றாகச் சொல்லிவிட்டீர்கள் அம்மா.

தறியோசை:
நீலவண்ணம், இப்படியென்றால் நானும் பாதி தூரம் வருகிறேன். தொட்டுப் பார்க்கவும் கனம் தெரிந்துகொள்ளவும் ஒரு துண்டு செய்து வைக்கட்டும். அது கற்பதற்கான பொருள். அதற்கு ஹெஸ்ஸேயின் பெயரைப் போடக் கூடாது, மூலம் நிற்கும் இடத்தில் நிறுத்தவும் கூடாது. மூலம் தூளாகிப் போனால் அந்த இடம் காலியாகவே இருக்கட்டும். இதில் நான் அசைய மாட்டேன்.

நீலவண்ணம்:
காலி இடத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. நாளை முழு உருவத்தையும் செய்து நிறுத்த வேண்டும் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். பெயர்ப் பலகை விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி.

குலசேகரத்துக்காரன்:
பத்மா டீச்சர், உங்கள் பிள்ளைகளுக்கு வேண்டுமென்றால் அம்மோனியா சேர்த்த பால் ஐந்து லிட்டர் அனுப்பிவைக்கிறேன், உறையாமல் வந்து சேரும். திறக்கும்போது நெடி தூக்கும், ஜன்னலைத் திறந்து வையுங்கள். சல்லாத் துணியை நனைத்து, மெல்லிசாக ஒரு பூச்சு, நன்றாகக் காய்ந்து கண்ணாடி மாதிரி ஆன பிறகு அடுத்தது. அவசரப்பட்டால் உள்ளே வெள்ளையாகத் திட்டு நிற்கும். பாதியை வெளிச்சத்தில் தொங்கவிடுங்கள், பாதியைக் கறுப்புத் தாளில் சுற்றி அலமாரியில் வையுங்கள். அந்தப் பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பு முடிப்பதற்குள் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும்.

செல்வி அம்மா, சட்டையை இனி மடிக்கவே வேண்டாம். கைக்குள்ளே பழைய பருத்தித் துணியைச் சுருட்டி அடைத்து, அது நிற்கிற நிலையிலேயே ஒரு பெரிய அட்டைப் பெட்டியில் இருட்டில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் மட்டும் போட்டுவிடாதீர்கள், ஒட்டிக்கொள்ளும்.

சிலாங்கூர்_செல்வி:
சரிங்க ஐயா. பெட்டி தேடிக்கொண்டிருக்கிறேன். கை மடங்கி நிற்பதால் அகலமான பெட்டியாக வேண்டும்.