கிச்சன் சிங்குக்குச் சின்ன கீசர்: 1 லிட்டரா, 3 லிட்டரா?

கோவைவாசி:
எண்ணெய்ப் பாத்திரம் கழுவ மட்டும் வெந்நீர் வேணும். வாரத்துல மூணு நாலு தடவை, அஞ்சஞ்சு நிமிஷம். மேல்நிலைத் தொட்டி சிங்க் குழாயிலிருந்து 2 மீட்டர் உயரத்துலதான். பாத்ரூம் கீசர் 8 மீட்டர் தள்ளி. சிங்க் பக்கத்துல மிக்சிக்கான 6 ஆம்ப் பிளக் இருக்கு. குழாயோட சேர்ந்து வர எலக்ட்ரிக் டேப் போதுமா, இல்ல 1 லிட்டர், 3 லிட்டர் கீசர் எடுக்கணுமா?

பைப்லைன்:
பாத்ரூம்ல இருந்து பைப் இழுக்காதீங்க. முக்கால் இஞ்ச் சிபிவிசியில (வெந்நீர் தாங்கற பிளாஸ்டிக் பைப்) மீட்டருக்குக் கால் லிட்டர் நிக்கும். ஒவ்வொரு தடவையும் 2 லிட்டர் பச்சைத் தண்ணி போனப்புறம்தான் சூடு வரும்.

எலக்ட்ரிக் டேப், தொட்டியில்லாத மாடல் ரெண்டும் தண்ணி ஓட்டத்தை உணர்ந்துதான் ஆன் ஆகும். 2 மீட்டருக்கு 0.2 பார் அழுத்தம்தான் கிடைக்கும், பல நேரம் ஆன் ஆகாது. சின்னத் தொட்டி வெச்ச கீசர் தெர்மோஸ்டாட்ல (சூட்டைப் பாத்து ஆன், ஆஃப் பண்ற சுவிட்ச்) ஓடுது. அழுத்தம் குறைஞ்சாலும் பாதகமில்ல.

வயர்மேன்:
என் ஓட்டு 3 லிட்டர், 3 கிலோவாட்டுக்கு. நிமிஷத்துக்கு 2 லிட்டர் ஓடினா 21 டிகிரி ஏத்தும், 3 லிட்டர் ஓடினா 14தான். தொட்டித் தண்ணி 26 டிகிரின்னா, குழாயைக் கொஞ்சமாத் திறந்தா 47 வரும். பிசுக்கு போக அது போதும். (ஊட்டியில இதே கீசர் திணறும்.) 1 லிட்டர்லயும் ஹீட்டர் அதேதான், ஆனா சேமிச்ச சூடு சட்டுனு தீர்ந்துடும். 3 லிட்டர் 60 டிகிரிக்கு வர ரெண்டரை நிமிஷம், செலவு 0.12 யூனிட். அதனால தேவைப்படும்போது போட்டு அணைச்சா போதும்.

மிக்சி பிளக்கை மறந்துடுங்க. கீசர் 13 ஆம்ப் இழுக்கும். அடாப்டர் போட்டா பிளக் உருகும். டிபியிலிருந்து (வீட்டு கரண்ட் பிரியற மெயின் பெட்டி) தனி லைன்: 2.5 ஸ்கொயர் எம்எம் செம்பு ஒயர், 16 ஆம்ப் எம்சிபி (கரண்ட் அதிகமானா தானா விழற சுவிட்ச்), 16 ஆம்ப் சாக்கெட், எர்த், 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா துண்டிக்கிற சுவிட்ச்). இண்டக்‌ஷன் அடுப்பு லைனோட சேர்த்தா ரெண்டும் சேர்ந்து 22 ஆம்ப், எம்சிபி விழுந்துக்கிட்டே இருக்கும். 4.5 கிலோவாட் கீசர்னா கிட்டத்தட்ட 20 ஆம்ப் இழுக்கும். அதுக்கு 16 ஆம்ப் சாக்கெட்டே ஆகாது.

கோவைவாசி:
நன்றிங்க. சிங்குக்குக் கீழ கேபினட்டுக்குள்ள வைக்கலாமா? பைப் மேல் பக்கம் வர்ற மாதிரி திருப்பி மாட்டினா ஹோஸ் நீளம் மிச்சமாகும்.

பைப்லைன்:
திருப்பி மாட்டக் கூடாது. சாதாரண மாடலுக்கு இன்லெட், அவுட்லெட் கீழ்ப்பக்கம்தான் இருக்கணும். தலைகீழா வெச்சா உள்ள காத்து தங்கி, காயில் தண்ணியில்லாம எரிஞ்சிடும். சிங்குக்குக் கீழ வைக்கணும்னா அதுக்குன்னே வர மாடல் கேளுங்க, இல்லைன்னா சிங்குக்கு மேல பக்கச் சுவர்ல நேரா மாட்டுங்க.

இன்லெட்ல சேஃப்டி வால்வு கட்டாயம். அதுக்கும் கீசருக்கும் நடுவுல எந்த வால்வும் வராம பாத்துக்கங்க. சூடேறும்போது வால்வுல ரெண்டு சொட்டு விழும், அதை அடைக்காதீங்க. வெந்நீர்ப் பக்கம் சாதா பிவிசி வேண்டாம்; சிபிவிசி, இல்ல ஸ்டீல் பின்னல் ஹோஸ். வாங்கும்போது ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 8978 எண்ணும் (இந்த மாதிரி உடனடி கீசருக்கான இந்தியத் தர எண்) பாருங்க.

வயர்மேன்:
முதல் தடவை வெந்நீர்க் குழாய்ல தண்ணி சீரா வந்தப்புறம்தான் சுவிட்சைப் போடணும். மேல்நிலைத் தொட்டி காலியாகி நிரம்பினாலும் அதே மாதிரிதான்.