போர்ட்ஃபோலியோ மேனேஜ்மென்ட் பேப்பர்: இன்னும் உறுத்துகிற ஒரு சம்பவம் இருந்தால் சொல்லுங்கள்

அடையாறு_ஆலமரம்

எம்பிஏ ஃபைனான்ஸ், கடைசி செமஸ்டர் வைவா. ப்ராஜெக்டை விளக்க வேண்டியதில்லை, நம்மில் பாதிப் பேர் செய்ததுதான். நிஃப்டியில் பத்துப் பங்கு, ஐந்து வருட மாத விலை, எக்செல் சால்வரில் ஷார்ப் ரேஷியோவை (எடுக்கிற ரிஸ்க்குக்குக் கிடைக்கிற கூடுதல் வருமானம்) உச்சத்துக்குக் கொண்டுபோய், எந்தப் பங்குக்கு எத்தனை சதவீதம் பணம் என்று ஒரு 'ஆப்டிமல்' பட்டியல்.

வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் பைண்டிங் செய்த பிரதியைத் தொடவே இல்லை. "ஃபைல் லேப்டாப்ல இருக்காம்மா? திறங்க" என்றார். பட்டியலில் ஒரு தனியார் வங்கிக்கு 60 சதவீதத்துக்கு மேல் போயிருந்தது, இன்னொரு தனியார் வங்கிக்குப் பூஜ்யம். "முதல் வங்கியோட எதிர்பார்க்கிற வருமானத்துல ரெண்டு சதவீதம் குறைச்சிட்டு மறுபடி ஓட்டுங்க."

ஓட்டினேன். பணம் அப்படியே எழுந்து பக்கத்து வங்கிக்குப் போய் உட்கார்ந்துகொண்டது.

அவர் திரையையே பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. "சரிம்மா, அடுத்த ஆளை அனுப்புங்க." அவ்வளவுதான். மார்க் நன்றாகவே போட்டிருந்தார், அதுதான் குழப்பம். பாராட்டினாரா, மொத்த ப்ராஜெக்டும் வீண் என்றாரா? எனக்குப் பின்னால் போனவனிடம் பீட்டா (சந்தை அசைவுக்கு ஒரு பங்கு எவ்வளவு ஆடுகிறது) என்றால் என்ன என்று மட்டும் கேட்டு அனுப்பிவிட்டார்.

வைகைக்கரை

எங்கள் எம்.காம். கதை இதைவிட மோசம். 2018 செப்டம்பரில் இன்ஃபோசிஸ் ஒன்றுக்கு ஒன்று போனஸ் கொடுத்தது எல்லோருக்கும் தெரியும். எங்கள் குழுவில் தரவு இறக்கியவன் போனஸுக்குச் சரிசெய்யாத விலையை எடுத்திருக்கிறான். எனவே ஒரே நாளில் பங்கு பாதியாக விழுந்த மாதிரி வரைபடத்தில் ஒரு குழி.

கைடு அந்தக் குழியில் பேனாவை வைத்து, "இவ்வளவு பெரிய வீழ்ச்சி, காரணம் எழுதாமல் நாலாம் சாப்டரை எப்படி ஒத்துக்கொள்வது?" என்றார். போனஸ் சார், பங்கு எண்ணிக்கை இரட்டிப்பாயிற்று, அதனால் விலை பாதி என்றேன். அதற்கு அவர் சொன்னது இன்றுவரை காதில் இருக்கிறது: "போனஸ் நல்ல செய்திதானே? நல்ல செய்திக்கு விலை எப்படிம்மா இறங்கும்?"

யாரும் பேசவில்லை. கடைசியில் நண்பன் ரூபாய் மதிப்பு, அமெரிக்க விசா என்று அரைப் பக்கம் எழுதிக் கொடுத்தான். கையெழுத்தும் விழுந்தது. பிரதி நூலகத்தில் இருக்கிறது, அடுத்த பேட்ச் அதைப் பார்த்துத்தான் எழுதியது.

ஆல்ஃபா_தேடி

ஆலமரம், உங்கள் எக்ஸாமினர் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. சால்வர் நம் கணிப்பில் இருக்கிற பிழையைத்தான் பெரிதாக்கிக் காட்டும் என்று ரிச்சர்ட் மிஷோ 1989-லேயே எழுதிவிட்டார். அதனால் இந்த முறையைத் தந்த மார்க்கோவிட்ஸ் தப்பு என்று ஆகாது, நீங்கள் கொடுத்த எண்தான் தப்பு. கடந்த ஐந்து வருட சராசரியை எடுத்து "எதிர்பார்க்கிற வருமானம்" என்று பெயர் வைத்தால் வேறென்ன வரும்?

நான் இப்போது ஒரு பிஎம்எஸ் நிறுவனத்தில் (பெரிய தொகை போடுகிறவர்களின் முதலீட்டை நிர்வகிக்கிற இடம்) இருக்கிறேன். சந்தையை ஒழுங்குபடுத்துகிற செபியின் விதிப்படி 50 லட்சத்துக்குக் குறைந்து வாடிக்கையாளர் கிடையாது. என் முதல் வாடிக்கையாளரிடம் எஃபிஷியன்ட் ஃபிரான்டியர் (எந்த ரிஸ்க்குக்கு உச்சமாக எவ்வளவு வருமானம்) படத்தைக் காட்டினேன். "தம்பி, எஃப்டியைவிட எவ்வளவு கூட?" என்றார். அதுதான் என் அனுபவம்.

இப்போது ப்ராஜெக்ட் செய்கிறவர்களுக்குச் சில விஷயம். அட்ஜஸ்டட் குளோஸ் (போனஸ், ஸ்ப்ளிட்டுக்குச் சரிசெய்த விலை) மட்டும் எடுங்கள். அதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாமல் போனஸ், ஸ்ப்ளிட் தேதிகளில் ஒருமுறை சோதியுங்கள். ஒப்பிடுவதற்கு வெறும் நிஃப்டி போதாது, டிவிடெண்டும் சேர்ந்த டிஆர்ஐ வேண்டும். மியூச்சுவல் ஃபண்டுகளுக்கே 2018 பிப்ரவரியிலிருந்து அதுதான் கட்டாயம். ரிஸ்க் ஃப்ரீ விகிதத்துக்கு 91 நாள் டி-பில் (அரசின் குறுகியகாலக் கடன் பத்திரம்), அது வருட விகிதம், மாத வருமானத்தோடு கழிப்பதற்கு முன் மாதத்துக்கு மாற்றுங்கள்.

அப்புறம் நிஃப்டியின் 50 பங்குகளையும் சேர்த்துச் செய்கிறேன் என்று ஆசைப்படாதீர்கள். 50 பங்குக்கு 1225 ஜோடி கோவேரியன்ஸ் (இரண்டு பங்குகள் எவ்வளவு சேர்ந்து ஆடுகின்றன) வரும், உங்கள் கையில் இருப்பது 60 மாதத் தரவு. அந்த அணி ஆட்டம் காணும். ஒரு பங்குக்கு 10 அல்லது 15 சதவீதம் என்று உச்சவரம்பு போடுங்கள். முடிந்தால் லெடுவா, வுல்ஃப் முறையில் கோவேரியன்ஸைச் சுருக்குங்கள் (அளவுக்கு மீறிய எண்களை நடுவை நோக்கி இழுப்பது), சந்தையின் கணிப்போடு நம் கணிப்பைக் கலக்கிற பிளாக்-லிட்டர்மேன் முறையைப் படியுங்கள்.

இன்னொன்று, இன்றைய நிஃப்டி பட்டியலை வைத்துப் பத்து வருடம் பின்னால் போகவே கூடாது. யெஸ் பேங்க் 2020 மார்ச் வரை நிஃப்டியில் இருந்தது. இன்றைய பட்டியலில் அது கண்ணிலேயே படாது, உங்கள் கணக்கில் அந்த நஷ்டமும் இருக்காது. இதை எந்தக் கைடும் கேட்பதில்லை.

மலைக்கோட்டை

அண்ணா, கேட்டது அனுபவம், நீங்கள் சிலபஸ் போட்டுவிட்டீர்கள்.

"எண்தான் தப்பு" என்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. சரியான எண் யாரிடம் இருக்கிறது? டிமிகல், கார்லாப்பி, உப்பல் மூவரும் 2009-ல் வெளியிட்ட ஆய்வில் பதினான்கு ஆப்டிமைசேஷன் முறைகளை எடுத்து, பணத்தைச் சமமாகப் பிரித்துப் போடுகிற முறையோடு மோதவிட்டார்கள். எந்த முறையும் தொடர்ந்து ஜெயிக்கவில்லை. மார்க்கோவிட்ஸே தன் ஓய்வூதியப் பணத்தைப் பங்கு பாதி, கடன் பத்திரம் பாதி என்றுதான் பிரித்தார். 1990-ல் நோபல் வாங்கிய மனிதர்.

என் சம்பவம் சின்னது. எஃபிஷியன்ட் மார்க்கெட் (கிடைக்கிற தகவலெல்லாம் ஏற்கெனவே விலையில் இருக்கிறது என்கிற கோட்பாடு) வகுப்பு, வியாழக்கிழமை மதியம். அப்போதெல்லாம் ஆப்ஷன் ஒப்பந்தங்கள் முடிகிற எக்ஸ்பைரி வியாழன்தான். சார் போர்டில் வீக் ஃபார்ம் என்று எழுதி, பழைய விலையைப் பார்த்து நாளைய விலையைச் சொல்ல முடியாது என்று விளக்கினார். செமி ஸ்ட்ராங் எழுதும்போது மேஜை மேலிருந்த செல்போன் அதிர்ந்தது. முதல் பெஞ்சில் இருந்ததால் திரை தெரிந்தது, ஆப்ஷன் செயின், அதாவது ஆப்ஷன் விலைப் பட்டியல். "ஒரு நிமிஷம்" என்று வராந்தாவுக்குப் போனவர் திரும்பி வந்தபோது முகமே வேறு. ஸ்ட்ராங் ஃபார்மை நாங்களே படித்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

தனிநபர் எஃப் அண்ட் ஓ (ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) வர்த்தகர்களில் 93 சதவீதம் பேருக்கு மூன்று நிதியாண்டுகளில் நஷ்டம் என்று 2024-ல் செபி அறிக்கை வந்தபோது எனக்கு அவர் முகம்தான் ஞாபகம் வந்தது.

நல்லூர்_வீதி

நான் இலங்கை. 2022-ல் எம்பிஏ. ஏப்ரல் 12 அரசாங்கம் வெளிநாட்டுக் கடன் கட்டுவதை நிறுத்தியது, அடுத்த கிழமை கொழும்புப் பங்குச் சந்தையை ஐந்து நாள் மூடினார்கள். வகுப்பெல்லாம் சூமில், பெற்றோல் வரிசையில் நின்றபடி கேட்டவர்களும் உண்டு.

ஆண்டுக் கடைசியில் கேப்எம் (பீட்டாவை வைத்து ஒரு பங்கு தர வேண்டிய வருமானத்தைக் கணிக்கிற சூத்திரம்) பயிற்சி. 91 நாள் திறைசேரி உண்டியல் (உங்கள் டி-பில்) வட்டி 30 சதவீதத்துக்கு மேல் போயிருந்தது. சந்தையின் ஐந்து வருடச் சராசரி அதற்கு எத்தனையோ கீழே. சூத்திரத்தில் போட்டால் மார்க்கெட் பிரீமியம் (சந்தை வருமானத்தில் ரிஸ்க் ஃப்ரீ விகிதத்தைக் கழித்த மீதி) மைனஸில் வருகிறது. பீட்டா 1.5 உள்ள பங்குக்கு, பீட்டா 0.5 உள்ள பங்கைவிடக் குறைந்த வருமானம்! கூடுதல் ரிஸ்க் எடுப்பவனுக்குத் தண்டனை மாதிரி.

ஒரு பிள்ளை மைக்கைத் திறந்து, "சேர், கடன் கட்ட முடியாத அரசாங்கத்தின் உண்டியலை ரிஸ்க் ஃப்ரீ என்று எப்படி எழுதுவது?" என்று கேட்டாள். சேர் கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு, "பரீட்சையில் நான் 8 சதவீதம் என்றுதான் தருவேன், பயப்பட வேண்டாம்" என்றார்.

சொன்னபடியே தந்தார்.

ஆல்ஃபா_தேடி

நல்லூர், அங்கே பழைய சராசரியைப் பயன்படுத்தியதே பிழை. பிரீமியத்தை எதிர்காலப் பணவரவிலிருந்து எடுக்க வேண்டும், இம்ப்ளைட் பிரீமியம் என்று தேடுங்கள். ரிஸ்க் ஃப்ரீ விகிதத்துக்கு, அரசுப் பத்திர வட்டியிலிருந்து நாட்டின் டிஃபால்ட் ஸ்ப்ரெட்டை (கடன் கட்டாமல் போகிற ரிஸ்க்குக்கான கூடுதல் வட்டி) கழிக்கப் பேராசிரியர் தாமோதரன் முறை இருக்கிறது.

நல்லூர்_வீதி

அதை நாங்களும் பிறகு படித்தோம், அண்ணா. அந்தப் பிள்ளை கேட்டது சூத்திரம் இல்லை. அவளுடைய அப்பாவின் ஓய்வூதியப் பணம் அந்த உண்டியலில்தான் இருந்தது.

கடைசி_பெஞ்ச்_காமர்ஸ்

எனக்குப் பெரிய கதை இல்லை. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலை சித்தப்பா. "போர்ட்ஃபோலியோ படிக்கிறியாமே, என்னோடதைப் பாரு" என்று செல்போனை நீட்டினார். நாலு மியூச்சுவல் ஃபண்டு, நாலு வெவ்வேறு ஃபண்டு கம்பெனி, நாலுமே லார்ஜ் கேப் (பெரிய கம்பெனிப் பங்குகளில் போடுகிறவை). ஒவ்வொன்றிலும் முதல் பத்துப் பங்கைத் திறந்து காட்டினேன்: எச்டிஎஃப்சி பேங்க், ஐசிஐசிஐ பேங்க், ரிலையன்ஸ், மறுபடியும் அதே. 80 சதவீதத்தை முதல் 100 கம்பெனிகளில் போட வேண்டும் என்பது செபி விதி, அதனால் இப்படித்தான் இருக்கும், நாலு வைத்திருந்தாலும் டைவர்சிஃபிகேஷன் பெரிதாக இல்லை என்றேன்.

ரசம் ஊற்றுகிற வரை யோசித்தார். "அப்போ அஞ்சாவதா ஒண்ணு வாங்கட்டுமா?"

ஆல்ஃபா_தேடி

சித்தப்பாவிடம் நாலையும் ஒரேயடியாக விற்கச் சொல்லாதீர்கள், எக்ஸிட் லோடும் (சீக்கிரம் விற்றால் பிடிக்கிற கட்டணம்) கேப்பிடல் கெயின்ஸ் வரியும் பார்த்துத்தான் வெளியே வர வேண்டும். முதலில் அவர் வயது, எத்தனை வருடத்துக்கான பணம்...

மலைக்கோட்டை

ஆரம்பித்துவிட்டார். வைகைக்கரை, அந்த அரைப் பக்கம் இருந்தால் போட்டோ எடுத்துப் போடுங்கள், விசா பகுதியைப் படிக்க வேண்டும்.