நம்ம வீடு குழு: இரண்டு மணி விழிப்பு

[இரவு 2:14] கதிர்: யாராவது முழித்திருக்கிறீர்களா? மூன்று வாரமாக இதே கதைதான். படுத்ததும் தூங்கிவிடுகிறேன், இரண்டு மணிக்கு டக்கென்று விழிப்பு வந்துவிடுகிறது, அப்புறம் ஆபீஸ், வீட்டுக் கடன், அப்பாவின் ஆபரேஷன் என்று ஒவ்வொன்றாக வரிசை கட்டி வருகின்றன.

[2:17] பெரியம்மா: அதையெல்லாம் நினைக்காதேப்பா. கண்ணை மூடிப் படு.

[2:21] மாலதி அக்கா: பெரியம்மா, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், நினைக்காதே என்றால் மனசு அதையேதான் பிடித்துக்கொள்ளும். 1987-ல் டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் சிலரிடம் ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்கக் கூடாது, நினைத்தால் மணியடியுங்கள் என்றார். மணி திரும்பத் திரும்ப அடித்தது. பிறகு நினைக்கலாம் என்று விட்டதும், ஆரம்பத்திலிருந்தே நினைக்கச் சொன்னவர்களைவிட இவர்களுக்குத்தான் கரடி அதிகமாக வந்தது.

[2:22] கதிர்: சரி, வேறு என்னதான் செய்வது?

[2:26] மாலதி அக்கா: ஒரு பேப்பரை எடு. மூன்றையும் எழுது. ஒவ்வொன்றிலும் உன் கையில் இருப்பது எது, இல்லாதது எது என்று பிரி. லாசரஸ், ஃபோக்மன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1984-லேயே சொன்னதுதான்: பிரச்சினையைச் சமாளிப்பது ஒன்று, அது கிளப்புகிற உணர்ச்சியைச் சமாளிப்பது இன்னொன்று. நாம் இதை மாற்றிப் போட்டுக்கொண்டுதான் தவிக்கிறோம்.

[2:33] கதிர்: கடன்தான் ரொம்ப உறுத்துகிறது. பேங்க்கிலிருந்து வந்த கவரைப் பிரிக்காமலே பீரோவில் துணிக்கு அடியில் வைத்திருக்கிறேன். பீரோவைத் திறக்கும்போதெல்லாம் வயிற்றைப் பிசைகிறது.

[2:36] மாலதி அக்கா: பார்த்தாயா, அதற்கு மூச்சுப்பயிற்சி எத்தனை செய்தாலும் கவர் அங்கேயேதான் இருக்கும். காலையில் பிரி. ஆபரேஷன் அப்படி இல்லை. டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும் என்று எழுதி வைப்பது நம் கையில் இருக்கிறது, அது எப்படி முடியும் என்பது இல்லை. அந்தப் பயத்துக்குத்தான் மூச்சு. நாலு எண்ணும்வரை இழு, ஆறு எண்ணும்வரை விடு, ஐந்து நிமிடம். மூச்சை விடும்போது இதயத் துடிப்பு இயல்பாகவே கொஞ்சம் குறையும், அதனால் விடுவதை நீட்டு.

[5:40] சித்தப்பா: இப்போதுதான் பார்த்தேன். எனக்கு மூச்சை எண்ணினால் படபடப்பு கூடத்தான் செய்கிறது மாலதி.

[5:48] மாலதி அக்கா: சிலருக்கு அப்படித்தான் சித்தப்பா, விட்டுவிடுங்கள். கை முஷ்டியை ஐந்து விநாடி இறுக்கிப் பிடித்து மெதுவாகத் தளர்த்துங்கள், அப்புறம் தோள், முகம், கால். ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் ஏறக்குறைய நூறு வருடம் முன்பு கொண்டுவந்த முறை. கதிர், உனக்கு இன்னொன்று. தினமும் சாயங்காலம் இருபது நிமிடம் கவலைக்கென்றே ஒதுக்கு. ராத்திரி எது வந்தாலும் ஒரு வரி எழுதி, நாளைக்கு ஆறரைக்குப் பார்க்கிறேன் என்று தள்ளிப் போடு. இதெல்லாம் செய்தும் தூக்கம் சரியாகவில்லை, வேலையே ஓடவில்லை என்றால் டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும், நானே கூட வருகிறேன்.

[8:52] கதிர்: கவரைப் பிரித்துவிட்டேன். ஒரு தவணைதான் பாக்கி, நான் மூன்று என்று நினைத்திருந்தேன். பத்து மணிக்குப் பேங்க்குக்குப் போன் செய்கிறேன். சாயங்காலம் ஆறரைக்கு அப்பாவோடு உட்கார்ந்து டாக்டருக்கான கேள்விகளை எழுதலாமா? அக்கா, நீயும் லைனில் இரு.