வாலிபர் ஐக்கியத்தில் கோலாட்டமும் கும்மியும் நடத்தலாமா?

கேள்வி: பிரேசர் டவுன் வாலிபர்

கர்த்தருக்குள் அன்பானவர்களுக்கு ஸ்தோத்திரம். பெங்களூரில் எங்கள் தமிழ்ச் சபையின் வாலிபர் ஐக்கியத்தைக் கவனித்து வருகிறேன். வேலைக்காகத் திருநெல்வேலியிலிருந்தும் வேலூரிலிருந்தும் வந்தவர்களும், இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களும் ஒரே ஆராதனையில் அமர்ந்துவிட்டு, ஆண்கள் ஒரு பக்கமும் பெண்கள் ஒரு பக்கமுமாகக் கலைந்துபோகிறார்கள். பழக விரும்புகிறவர்கள் வீட்டாருக்குத் தெரியாமல் கைப்பேசியில் பழகுகிறார்கள். ஆகவே அறுப்பின் பண்டிகை மாலையில், சபை வளாகத்தில் எல்லோரும் சேர்ந்து ஆடும் கோலாட்டமும் கும்மியும் நடத்த நினைக்கிறேன். ஏரோது ராஜாவின் விருந்தில் ஏரோதியாளின் மகள் ஆடியதால்தானே யோவான்ஸ்நானனின் தலை போயிற்று என்று மூப்பர் ஒருவர் கேட்டார். அவர் மனம் நோகாமல் எப்படி விளக்குவது?

பதில் 1: ஓய்வுபெற்ற ஆசிரியை

தம்பி, அந்தப் பெண் ஆடியது விருந்தினரை மகிழ்விக்க. நீங்கள் நினைப்பதிலோ வேடிக்கை பார்ப்பவர் என்று தனியாக யாரும் இல்லை. செங்கடலைக் கடந்தபின் மோசேயின் சகோதரி மிரியாம் தம்புருவை (கையால் தட்டும் சிறு பறையை) எடுத்தபோது, மற்றப் பெண்களும் தம்புருவோடும் நடனத்தோடும் அவளைப் பின்தொடர்ந்தார்கள் என்பதை (யாத்திராகமம் 15:20) அவரோடு சேர்ந்து வாசியுங்கள். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) பெத்லகேமைக் குறவஞ்சி என்னும் நாட்டிய நாடகமாகப் பாடியவர்; நம் முன்னோர் நாட்டார் வடிவங்களுக்கு அஞ்சவில்லை. மூப்பரையே பாட அழைத்தால் இன்னும் நல்லது.

பதில் 2: அல்சூர் சகோதரர்

பின்னல் கோலாட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். நடுவில் கட்டிய கயிறுகளின் முனையை ஆளுக்கொன்றாகப் பிடித்து, ஒருவர் உள்ளே புகும்போது எதிரே வருபவர் வெளியே விலகி ஆட ஆட, கயிறு சடைபோல் பின்னிக்கொள்ளும். பிறகு அதே அடிகளைத் திருப்பி ஆடினால்தான் அவிழும். ஒருவர் தவறினாலும் எல்லோரும் நின்று சிக்கெடுக்க வேண்டும். முன்பின் அறியாத இருவர் கூச்சம் விட்டுப் பேசத் தொடங்குவது அந்த இடத்தில்தான். யாரும் யாரையும் தொட வேண்டியதில்லை. எதிர்ப்படும் முகமும் மாறிக்கொண்டே இருப்பதால் எவரும் எவருக்கும் ஜோடி ஆகிவிடுவதில்லை. பெற்றோரும் சிறுவர்களும் அதே வட்டத்தில் இருக்கட்டும். இரண்டு மூன்று ஞாயிறு மாலைகளாவது பயிற்சி வேண்டும்.

பதில் 3: போதகரின் துணைவியார்

அமெரிக்காவில் 19-ஆம் நூற்றாண்டில், நடனத்தையும் பிடிலையும் பாவமென்று விலக்கிய புராட்டஸ்டண்ட் குடும்பங்களும் வாத்தியமின்றித் தாங்களே பாடி ஆடும் கூடுகைகளை இளையோருக்காக நடத்தின. எனினும் ஒரு வேண்டுகோள்: இதை வரன் பார்க்கும் இடமாக்கிவிடாதீர்கள். யார் யாரோடு சிரித்தார்கள் என்று பெரியவர்கள் கணக்கெடுக்கத் தொடங்கினால் அடுத்த முறை பெண்பிள்ளைகள் வரமாட்டார்கள். இளைய பெண்களைச் சகோதரிகளாகப் பாவிக்கச் சொல்லும் 1 தீமோத்தேயு 5:2-ஐ முதல்நாள் தியானமாக எடுத்துக்கொள்ளலாம். ஆட விரும்பாதவர்களிடம் தாளத்தையும் உணவுப் பந்தியையும் ஒப்படையுங்கள். இரவு 10 மணிக்குமேல் ஒலிபெருக்கி கூடாது என்பதால் 6 மணிக்கே தொடங்குங்கள்.

கேள்வி கேட்டவர்:

மிக்க நன்றி. மூப்பரிடம் பேசினேன், சிறுவயதில் தம் ஊரில் பாடிய கும்மிப் பாட்டு ஒன்றை எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.