குறைமாதக் குழந்தை: மதுரையில் தொடர் கவனிப்புக்கு எங்கே போகலாம்?

வணக்கம். நாங்கள் மேலூர் பக்கம். அக்கா மகள் 29 வாரத்திலேயே பிறந்துவிட்டாள், இப்போது மதுரையில் இன்குபேட்டரில் இருக்கிறாள். உச்சிக்குழி வழியாகத் தலை ஸ்கேன் எடுத்து, மூளையின் ரத்த ஓட்டத்தை டாப்ளரிலும் பார்த்தார்கள். மூளைக்குள் லேசான ரத்தக் கசிவு, கிரேடு 1.

டாக்டர் விளக்கியது இது: ரத்த அழுத்தம் ஏறி இறங்கினாலும் மூளைக்குப் போகும் ரத்தத்தைச் சீராக வைக்கும் திறன் இவ்வளவு சின்னக் குழந்தைக்கு இன்னும் முற்றவில்லை. மூளைக்குள் நீரறைகளை ஒட்டிய நுண்குழாய்களும் மிக மெல்லியவை. கசிவு வந்தால் பெரும்பாலும் முதல் 3 நாளுக்குள் வந்துவிடும். அந்த நாட்களை இவள் தாண்டிவிட்டாள். இனி ரத்த ஓட்டம் வளர வளரக் கூடி, 5, 6 வயதில் பெரியவர்களுடையதைவிட அதிகமாகவே இருக்குமாம். உள்ளே அவ்வளவு வேலை நடக்கிறது!

சரி, கேட்க வந்தது இதுதான். வீட்டுக்கு வந்தபின் வளர்ச்சியைப் பார்க்கவும் பிசியோதெரபிக்கும் நீங்கள் எங்கே போனீர்கள்? பெரியாஸ்பத்திரியில் இதற்கு எந்தக் கிழமை போகவேண்டும்? கிரேடு 1 வந்த பிள்ளைகளின் பெற்றோர் இருந்தால், அடுத்த ஸ்கேன் எப்போது எடுத்தார்கள் என்று சொல்லுங்கள். அக்காவுக்குக் கொஞ்சம் தெம்பாக இருக்கும். தலையை உருவிவிடும் யோசனைகள் மட்டும் வேண்டாம், அதற்கு எங்கள் அப்பத்தா இருக்கிறார்.