பள்ளி லேபில் குரோம் படுத்திய பாடு

பாலக்கோட்டிலிருந்து:

இங்கே பக்கத்தில் ஒரு பள்ளியில் கம்ப்யூட்டர் லேப் என் பொறுப்பு. ஜூனில் பள்ளி திறந்த அன்று இருபது கம்ப்யூட்டரிலும் குரோம், ப்ராக்ஸி சர்வரில் (நெட்டுக்கும் நமக்கும் நடுவில் நிற்கும் கம்ப்யூட்டர்) ஏதோ கோளாறு என்று சொல்லி நின்றுவிட்டது. அதே லைனில் என் போன் ஜம்மென்று ஓடுகிறது. செட்டிங்ஸில் போய் ப்ராக்ஸியை எடுக்கலாம் என்றால் அந்த இடம் சாம்பல் நிறத்தில் கிடக்கிறது, கை வைக்க முடியவில்லை. இரண்டு கம்ப்யூட்டரில் குரோமை அழித்துத் திரும்பப் போட்டேன். ஒரு மதியம் போனதுதான் மிச்சம்.

மூன்று புள்ளி மெனுவின் அடியில் ‘உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது’ என்று ஒரு வரி இருக்கும். பள்ளிக்கூடத்துக்கு ஏது நிறுவனம் என்று அதுவரை நான் கண்டுகொண்டதே இல்லை. அப்புறம்தான் முகவரி அடிக்கும் இடத்தில் குரோம்://பாலிசி என்று போட்டு, குரோமுக்கு மேலிருந்து வந்திருக்கும் உத்தரவுகளின் (பாலிசி) பட்டியலைப் பார்த்தேன். ப்ராக்ஸிக்கு நேரே ஓர் ஐ.பி. எண், பக்கத்தில் ‘கட்டாயம்’ என்று இருந்தது. அந்த எண் எந்த மெஷினுடையது என்று தேடினால், மே மாதம் வயரிங் மாற்றியபோது மூலையில் தூசி படிந்து கிடந்ததே ஒரு பழைய சி.பி.யு., அதனுடையது! குப்பை என்று ஸ்டோர் ரூமில் போட்டுவிட்டோம். இத்தனை வருடமாக மொத்த லேபுக்கும் நெட்டை வடிகட்டிக் கொடுத்தது அதுதான்.

விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேர்த்து வைக்கும் ரிஜிஸ்ட்ரியில் ‘பாலிசீஸ்’ கிளையின் கீழ் குரோமுக்கு இருந்த பகுதியை ஒரு கம்ப்யூட்டரில் அழித்தேன். நெட் வந்துவிட்டது. அதோடு விட்டிருக்கலாம். உறுதிப்படுத்திக்கொள்ள, பாலிசியை உடனே வாங்கச் சொல்லும் ஜிபிஅப்டேட் /ஃபோர்ஸ் கட்டளையைக் கொடுத்தேன் பாருங்கள், அழித்ததெல்லாம் சர்வரிலிருந்து திரும்ப இறங்கி உட்கார்ந்துகொண்டது. அதற்கு மேல்தான் லேப் மொத்தத்தையும் நிர்வகிக்கும் டொமைன் சர்வரில், எல்லாக் கம்ப்யூட்டருக்கும் உத்தரவு போகும் க்ரூப் பாலிசியைத் திறந்து ப்ராக்ஸியை எடுத்தேன். ஆனால் ப்ராக்ஸி போனால் வடிகட்டியும் போய்விடும், பிள்ளைகள் உட்காரும் இடம். ஹெச்.எம்.மிடம் சொல்லிவிட்டு, தடை செய்யவேண்டிய தளங்களை அதே பாலிசியில் யுஆர்எல் பிளாக்லிஸ்ட் என்ற தடைப் பட்டியலில் போட்டேன். அதில் 1000 வரிதான் பிடிக்கும், எங்களுக்கு அதுவே தாராளம்.

விண்டோஸ் தானாகப் பாலிசியைக் கேட்டு வாங்க 90 நிமிடம் ஆகும், அதற்கு மேல் அரை மணி வரை கூடலாம். பொறுமை இல்லாமல் எல்லாவற்றையும் ரீஸ்டார்ட் செய்தேன். பத்தொன்பது சரியானது. ஜன்னலோரக் கம்ப்யூட்டர் மட்டும் அசையவில்லை. பார்த்தால் அதில் தேதி 2009! சர்வருக்கும் கம்ப்யூட்டருக்கும் நேரம் 5 நிமிடத்துக்கு மேல் விலகினால், அடையாளம் சரிபார்க்கும் கெர்பரோஸ் முறை ஆளை உள்ளே விடாது, பாலிசி எப்படி வரும்? உள்ளே கடிகாரத்தை ஓட்டும் பேட்டரி தீர்ந்திருந்தது. பஸ் ஸ்டாண்டு பக்கம் வாட்ச் கடையில் 2032 பட்டன் செல் ஒன்று வாங்கி மதர்போர்டில் போட்டு, தேதியைத் திருத்தினேன். அதுவும் வழிக்கு வந்தது.

காவேரிப்பட்டினத்திலிருந்து:

சார், எங்களிடம் சர்வரே கிடையாது, ஆனாலும் அதே ‘நிறுவனம்’ வரி வந்தது. பாலிசி பக்கத்தில் எக்ஸ்டென்ஷன் (குரோமோடு சேரும் துணை நிரல்) ஒன்றைக் கட்டாயமாகப் போடச் சொல்லும் உத்தரவு மட்டும் இருந்தது. ஏதோ இலவச பி.டி.எஃப். மென்பொருளோடு ஒட்டிக்கொண்டு வந்த விளம்பரச் சனியன். எக்ஸ்டென்ஷனை நீக்கும் பட்டனே வேலை செய்யாது. நீங்கள் சொன்ன அதே ரிஜிஸ்ட்ரி இடத்தில் அழித்தோம். எங்களுக்கு அது திரும்பி வரவில்லை, அனுப்ப மேலே யாரும் இல்லையே! மென்பொருளையும் மறக்காமல் நீக்கினோம்.

அரூரிலிருந்து:

எங்கள் லேபில் விண்டோஸ் இல்லை, உபுண்டு (லினக்ஸ்). குரோமுக்குப் பாலிசி போட வேண்டியிருந்தது. ஈடிசி/ஆப்ட்/குரோம்/பாலிசீஸ்/மேனேஜ்டு ஃபோல்டரில் ஜேசன் ஃபைல் (உத்தரவுகளை எழுதி வைக்கும் டெக்ஸ்ட் ஃபைல்) ஒன்று வைத்தால் போதும் என்று படித்து வைத்தேன். ஒன்றுமே நடக்கவில்லை. இரண்டு நாள் கழித்து ஃபைலில் ஒரு கமா விட்டுப்போனதைக் கண்டுபிடித்துத் திருத்தினேன். அப்போதும் பாதி கம்ப்யூட்டரில்தான் வேலை செய்தது. மீதியில் இருந்தது குரோமியம் (குரோமின் திறந்தமூல உறவுக்கார பிரௌசர்), அதற்கு ஃபோல்டரே வேறு.