ஊர்ல நிறுத்தின கார் மேல மரம் விழுந்துடுச்சு, நான் கனடால இருக்கேன், க்ளெய்ம் கிடைக்குமா?

பெரம்பூர் பையன்:
வணக்கம், அவசரம், தெரிஞ்சவங்க சொல்லுங்க. நான் பிராம்ப்டன் வந்து அஞ்சு வாரம் ஆவுது. நேத்து நைட்டு காத்து மழைல பெரம்பூர்ல எங்க தெருவுல மரம் சாஞ்சு என் கார் மேல விழுந்துடுச்சு. ரூஃப் உள்ள எறங்கிடுச்சு, முன்கண்ணாடி நொறுங்கிடுச்சு. வீட்ல நைனா மட்டும்தான், 67 வயசு, வண்டி ஓட்டத் தெரியாது. கார் வாங்கி ரெண்டரை வருசம், இன்சூரன்ஸ் மூணு வருசத்துக்குக் கட்டினது, இன்னும் ஆறு மாசம் இருக்கு. மரத்துக்கு யார் பொறுப்பு? நான் அங்க இல்லாம க்ளெய்ம் நடக்குமா? கிளைய வெட்ட நைனா ஆள் கூப்ட்டுட்டாரு. வெட்டிடலாமா?

ராயபுரம் அக்கா:
வெட்டுற ஆளை உடனே நிறுத்தச் சொல்லு தம்பி. ஒயர் ஏதாவது மரத்தோட தொங்குதான்னு முதல்ல பாக்கணும். தொங்கினா அப்பா காரை நெருங்கவே கூடாது. மின்வாரியத்தோட மின்னகம் 94987 94987-க்கு போன் பண்ணி லைனை அணைச்சது உறுதியான பிறகுதான் மத்த வேலை.

அப்புறம் போட்டோ. தெரு முழுக்கத் தெரியுற மாதிரி தூரத்துலேர்ந்து ரெண்டு. மரம் கார் மேல கிடக்கும்போதே நாலு பக்கமும், அதுல நம்பர் பிளேட் தெரியணும். மரம் முறிஞ்ச அடிப்பகுதியக் கிட்ட வெச்சு எடுக்கணும். உள்ள பொந்தா, கரையான் மண்ணா, பச்சை மரமா என்கிறது அந்த ஒரு படத்துலதான் தெரியும். வெட்டி லாரில ஏத்திட்டா அந்தச் சாட்சி திரும்பி வராது. கூடவே ஒரு நிமிசம் நிறுத்தாம வீடியோ.

கதவு, டிக்கி எதையும் இழுத்துத் திறக்க வேணாம். ரூஃப் எறங்கினா கதவுச் சட்டமும் வளைஞ்சிருக்கும், இழுத்தா கீல் போயிடும். ஸ்டார்ட் பண்ணவும் கூடாது.

ஸ்கார்பரோ வாசி:
ஒன்டாரியோல இதெல்லாம் ரொம்ப எளிது தம்பி. மரம் விழுந்தா காம்ப்ரிஹென்சிவ்ங்கிற கவர்ல வரும், உங்க மேல தப்புன்னு எழுத மாட்டாங்க. ஆனா அந்தக் கவர் இங்க கட்டாயம் இல்ல, கேட்டு வாங்கணும். புதுசா வர்றவங்க பிரீமியத்தப் பாத்துட்டு அதை எடுத்துடுறாங்க, அதைச் செய்யாதீங்க. குடியேறின 60 நாளுக்குள்ள லைசென்ஸ் மாத்துற வழியப் பாருங்க. ஊர் ஆர்.டி.ஓ.லேர்ந்து ஓட்டின அனுபவத்துக்கு ஒரு கடிதம் வாங்கி வைங்க, அது இல்லாம லைசென்ஸ் டெஸ்ட்டுக்குக் காத்திருக்கிற காலம் நீளும்.

பெரம்பூர் பையன்:
நன்றிண்ணா, ஆனா கார் பெரம்பூர்ல இருக்கு, நான் இங்க இன்னும் கார் வாங்கல.

மூலக்கடை:
தெரு மரம்னா மாநகராட்சி மரம். அவங்க போன் நம்பர் 1913-க்குப் புகார் கொடுத்து, புகார் நம்பர் வாங்கு, அவங்கதான் நஷ்டஈடு தரணும்.

சிங்கை ஒற்றியூரான்:
அப்படித் தானா வராது. மரம் விழுந்தது மட்டும் போதாது, கவனக்குறைவக் காட்டணும். அதாவது மரம் ஆபத்தா இருந்தது பொறுப்பானவங்களுக்குத் தெரியும், இல்ல தெரிஞ்சிருக்கணும், தெரிஞ்சும் சும்மா இருந்தாங்கன்னு. 2016 டிசம்பர் 12 வர்தா மாதிரி புயல்ல நல்ல மரமே வேரோட வந்துச்சு, அன்னைக்கு யாரையும் குத்தம் சொல்ல முடியாது, இயற்கைச் சீற்றம்னு வாதம் நிக்கும். சாதாரண மழைக் காத்துல பொந்து விழுந்த மரம் சாஞ்சா அந்த வாதம் எளிதுல நிக்காது.

முன்னாடியே 1913-ல யாராவது புகார் கொடுத்திருந்தா, அந்த நகலைத் தகவல் உரிமைச் சட்டத்துல 10 ரூபாய் கட்டிக் கேக்கலாம், 30 நாள்ல பதில் வரணும். இந்தியக் குடியுரிமை இருக்கிறவரைக்கும் வெளிநாட்லேர்ந்து நீங்களே கேக்கலாம்.

இன்னொண்ணு. பெரம்பூர், அயனாவரம் பக்கம் நிறைய மரம் ரயில்வே குடியிருப்புச் சுவருக்குள்ள நிக்கும். அதுக்கு மாநகராட்சி பொறுப்பில்ல. வேர் எங்க இருக்கோ அந்த இடத்துக்காரர்தான். மரம் சுவருக்கு உள்ளேயா, வெளியேயா? அதை நீங்க எழுதவே இல்ல.

க்ளெய்ம் டெஸ்க்:
மரம் யாருதுங்கிறது ரெண்டாவது கேள்விங்க. முதல் கேள்வி உங்க பாலிசி. "மூணு வருசத்துக்குக் கட்டினது"ன்னு எழுதியிருக்கீங்க, அது எனக்குக் கவலையா இருக்கு.

2018 செப்டம்பர் 1-லேர்ந்து புதுக் காருக்கு மூணு வருச தேர்ட் பார்ட்டி கட்டாயம். ஓன் டேமேஜையும் (நம்ம வண்டிக்கு ஆகுற சேதத்துக்கான கவர்) சேத்து மூணு வருசத்துக்கு விக்கிறது 2020 ஆகஸ்ட் 1-லேர்ந்து நின்னுபோச்சு. அதனால உங்ககிட்ட இருக்கிறது பெரும்பாலும் 1+3. ஒரு வருசம் ஓன் டேமேஜ், மூணு வருசம் தேர்ட் பார்ட்டி. மரம் விழுந்ததுக்குத் தேர்ட் பார்ட்டில ஒரு ரூபாய் வராது, அது உங்க வண்டியால அடுத்தவங்களுக்கு ஆகுற சேதத்துக்கு மட்டும். ரெண்டாம் வருசமும் மூணாம் வருசமும் ஓன் டேமேஜைத் தனியாப் புதுப்பிச்சீங்களா? பழைய பாலிசி முதல் பக்கத்துல ரெண்டு தேதி வரிசை இருக்கும், ரெண்டையும் பாருங்க. மெயில்ல "ஸ்டாண்ட் அலோன் ஓன் டேமேஜ்"னு தேடிப் பாருங்க.

இன்னும் மூணு விவரம் வேணும். ஆர்.சி. யார் பேர்ல? பேங்க் லோன் பாக்கி இருக்கா? நீங்க கிளம்பின பிறகு காரை யார் ஓட்டுறாங்க?

பெரம்பூர் பையன்:
இப்பதான் மெயில் பாத்தேன். புதுப்பிச்சிருக்கேன், மூணாம் வருச ஓன் டேமேஜ் இருக்கு! 25 சதவீதம் என்.சி.பி.னு (க்ளெய்ம் பண்ணாததுக்கான தள்ளுபடி) போட்டிருக்கு. ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காத கவர்) எடுக்கல. ஆர்.சி. என் பேர்ல. லோன் ஒன்றரை வருசம் பாக்கி. மச்சானுக்குக் காரைக் குடுத்துட்டு வந்தேன். மரம் பக்கத்து வீட்டு காம்பவுண்டுக்குள்ள இருக்கிற வேப்பமரம், பாதி தெருவுக்குச் சாஞ்சே நின்னுச்சு. வீட்டுக்காரர் இப்ப வந்து 20,000 தரேன், இதோட முடிச்சுக்கலாம்னு நைனாகிட்ட பேசறாராம்.

க்ளெய்ம் டெஸ்க்:
குடுத்தீங்கன்னா வித்தீங்களா, ஓட்டக் குடுத்தீங்களா? காசு வாங்கி வித்துட்டு ஆர்.சி. மாத்தாம விட்டிருந்தா, உங்களுக்கு அந்த வண்டில நஷ்டமே இல்லன்னு கம்பெனி மறுக்கலாம். வாங்கினவர் பேர்ல பாலிசி இல்லாததால அவருக்கும் வராது. விக்கிறப்போ 14 நாளுக்குள்ள பாலிசியையும் மாத்தக் கேக்கணும், தேர்ட் பார்ட்டி மட்டும்தான் தானா கூடப் போகும். ஓட்ட மட்டும் குடுத்ததுன்னா பிரச்சினை இல்ல.

பெரம்பூர் பையன்:
ஓட்டத்தாங்க. காசு எதுவும் வாங்கல.

ராயபுரம் அக்கா:
20,000-த்துக்கு அப்பா எதுலயும் கையெழுத்துப் போடவே கூடாது. நஷ்டஈடு கொடுத்த பிறகு, தப்பு பண்ணவர்கிட்டேர்ந்து அதை வசூலிக்கிற உரிமை இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போகும். நீ "முடிஞ்சது, இனி எந்தக் கோரிக்கையும் இல்ல"ன்னு எழுதிக் கொடுத்துட்டா அந்த உரிமைய நீயே அழிச்ச மாதிரி, அதைக் காட்டி உன் பணத்தைப் பிடிப்பாங்க. கம்பெனில சொல்லிட்டு, பில்லுல அவங்க தராத பாகத்தை மட்டும் அவர்கிட்ட கேக்கலாம். ஒரே நஷ்டத்துக்கு ரெண்டு பக்கமும் முழுசா வாங்க முடியாது.

மரம் ஆபத்தா இருக்குன்னு அவருக்கு முன்னாடி சொன்னீங்களா? வாய்ல சொன்னதா, எழுத்துலயா?

பெரம்பூர் பையன்:
நைனா ரெண்டு வாட்டி வாய்ல சொன்னாரு. ஒரு வாட்டி பொந்தைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பினாராம். ரெண்டு நீலக் கோடு விழுந்துதாம்.

ராயபுரம் அக்கா:
அந்த மெசேஜ்தான் உங்க பலம். நைனா போனை மாத்தவோ ரீசெட் பண்ணவோ விடாதே. சாட்டை ஏற்றுமதி பண்ணி உன் மெயிலுக்கு அனுப்பி வை.

மூலக்கடை:
மரம் இருக்கிற வீட்டுக்காரங்களும் என்ன பண்ணுவாங்க, வெட்ட அனுமதிக்கு அலையணும். தெரு மரத்த எடுத்துக்கிட்டா வடிகாலுக்குத் தோண்டும்போது ஒரு பக்க வேரை அறுத்துடுறாங்க, அப்புறம் அடிமரம் வரைக்கும் சிமெண்ட் பூசுறாங்க. மரம் எதைப் பிடிச்சு நிக்கும்?

ஸ்கார்பரோ வாசி:
இங்க மட்டும் என்ன. பேஸ்மென்ட் வாடகை கொடுத்தே பாதி சம்பளம் போவுது. வீட்டுக்காரர் முதல் மாசம், கடைசி மாசம் வாடகைக்கு மேல டெபாசிட் கேட்டா கொடுக்காதீங்க, ஒன்டாரியோ சட்டத்துல அதுக்கு இடமில்ல. கிரெடிட் ஹிஸ்டரி இல்லன்னு சொல்லி ஆறு மாச வாடகை கேக்குறவங்க இருக்காங்க.

மூலக்கடை:
நம்ம பக்கம் வீட்டுக்குள்ள கார் நிறுத்த இடமே கிடையாது. தெருவுல நிறுத்தாம எங்க நிறுத்தறது? மரத்தடி நிழல்னு எல்லாரும் அங்கதான் விடுவாங்க.

சிங்கை ஒற்றியூரான்:
வாடகைக் கதைய இன்னொரு நாள் பேசலாம். தம்பியோட கார் இப்ப மழைல திறந்து கிடக்குது.

க்ளெய்ம் டெஸ்க்:
சரி, இன்னைக்கே செய்ய வேண்டியது. கம்பெனியோட டோல் ஃப்ரீ இந்திய நம்பர், வெளிநாட்லேர்ந்து போகாது. அதனால ஆப் வழியா நீங்களே க்ளெய்ம் பதிவு பண்ணுங்க, இல்ல மச்சான் பாலிசி நம்பரோட கூப்பிடட்டும். ஓ.டி.பி. உங்க இந்திய நம்பருக்குத்தான் வரும், சிம் ரோமிங்ல உயிரோட இருக்கா பாருங்க. "எப்படி நடந்தது"ங்கிற இடத்துல நடந்ததை அப்படியே: இத்தனை மணிக்கு, நிறுத்தி வெச்சிருந்தப்போ, ஆள் யாரும் உள்ள இல்ல, பக்கத்து காம்பவுண்டு மரம் காத்து மழைல விழுந்தது. ஓட்டுநர் பேர் கேட்டா "நிறுத்தப்பட்ட நிலை"ன்னு போடுங்க. ஒரு நாள் தள்ளிப் போனதுக்காகப் பயப்பட வேணாம். தாமதம் என்ற ஒரே காரணத்துக்காக நியாயமான க்ளெய்மை மறுக்கக் கூடாதுன்னு 2011-லயே இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் சுற்றறிக்கை விட்டிருக்கு.

பதிவு பண்ணும்போதே கேளுங்க: வண்டிய நகர்த்தலாமா, சேதத்தைக் கணக்கெடுக்கிற சர்வேயர் இடத்துக்கு வருவாரா, வீடியோ போதுமா. பதில் வந்ததும் மரத்தை எடுக்கலாம். நடுவுல முன்கண்ணாடிக்கும் ரூஃபுக்கும் தார்ப்பாய் போட்டுக் கட்டணும். மேல சேதம் ஆகாம காப்பாத்துறது பாலிசி நிபந்தனைலயே இருக்கு. மூணு நாள் மழை உள்ள போயி டேஷ்போர்டு ஒயரிங் கெட்டா, "இது மரத்தால ஆனதில்ல"ன்னு சர்வேயர் அந்தப் பாகத்தை வெட்டிடுவார்.

எஃப்.ஐ.ஆர். தேவையில்ல, யாருக்கும் அடிபடல. ஆனா பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட கேக்கப் போறதால ஸ்டேஷன்ல ஒரு மனு கொடுத்து மனு பதிவானதுக்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கி வைக்கச் சொல்லுங்க.

இழுத்துப் போக ஃபிளாட்பெட் வண்டிதான், கொக்கி மாட்டி இழுக்கக் கூடாது. சாதாரண பாலிசில இழுவைக்கு 1,500 ரூபாய் வரைக்கும்தான், ரோடுசைடு அசிஸ்டன்ஸ் எடுத்திருந்தா தனி. கேஷ்லெஸ் பட்டியல்ல இருக்கிற ஷெட்டுக்கே அனுப்புங்க. கேஷ்லெஸ்னா பணம் ஷெட்டுக்கே நேரா போயிடும், உங்க பேங்க் கணக்கு குறுக்க வராது. கையிலேர்ந்து கட்டிட்டுத் திரும்ப வாங்கினா உங்க பேர்ல இருக்கிற கணக்குக்குத்தான் வரும். வெளிநாட்ல குடியேறினதால அந்தச் சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ.வா (வெளிநாட்ல இருக்கிறவங்களுக்கான ரூபாய்க் கணக்கு) மாத்தியிருக்கணும்.

பெரம்பூர் பையன்:
க்ளெய்ம் பதிவு ஆயிடுச்சு, நாளைக்கு சர்வேயர் ஷெட்டுக்கு வராராம். கையிலேர்ந்து எவ்வளவு போவும்? அங்க கையெழுத்து யார் போடறது?

க்ளெய்ம் டெஸ்க்:
உதாரணத்துக்கு பில் 92,000-னு வெச்சுக்கங்க. இரும்புப் பாகம் 40,000, பிளாஸ்டிக் 12,000, கண்ணாடி 10,000, பெயிண்டிங் 16,000, டிங்கரிங் கூலி 14,000. ரெண்டு வருசத்துக்கு மேல, மூணுக்குள்ள இருக்கிற வண்டின்னா இரும்புல 15 சதவீதம் தேய்மானம், 6,000. பிளாஸ்டிக், ரப்பர், ஏர்பேக் பாதி, 6,000. கண்ணாடிக்குத் தேய்மானம் கிடையாது. பெயிண்டிங்ல கால் பங்கைப் பொருள்னு எடுத்து அதுல பாதி, 2,000. கூலி முழுசா வரும். ஒவ்வொரு க்ளெய்ம்லயும் நீங்களே ஏத்துக்க வேண்டிய கட்டாயக் கழிவு 1500 சி.சி. வரைக்கும் 1,000. ஆக 15,000 உங்க கையிலேர்ந்து, 77,000 கம்பெனி. அந்த 15,000-ஐத்தான் பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட வக்கீல் நோட்டீஸ்ல கேக்கணும். என்.சி.பி.யும் அடுத்த புதுப்பிப்புல பூஜ்யம் ஆயிடும், அந்த இழப்பையும் சேத்துக் கேட்டுப் பாருங்க.

ரூஃப் மட்டும் எறங்கியிருந்தா தப்பிச்சீங்க. முன்கண்ணாடி ஓரத்துத் தூண், அதான் ஏ பில்லர், மடங்கியிருந்தா செலவு எகிறும். ரிப்பேர் செலவு ஐ.டி.வி.ல (பாலிசில போட்டிருக்கிற வண்டி மதிப்பு) 75 சதவீதத்தைத் தாண்டினா டோட்டல் லாஸ், அதாவது முழு நஷ்டம். அப்போ பணம் முதல்ல லோன் கொடுத்த பேங்குக்குப் போகும், மீதிதான் உங்களுக்கு.

கையெழுத்து: சாதாரண ரிப்பேருக்கு க்ளெய்ம் ஃபார்ம்ல நீங்க போட்டு ஸ்கேன் அனுப்பலாம், அப்பாவுக்கு ஒரு அதிகாரக் கடிதமும் ரெண்டு பேர் அடையாள அட்டையும். டோட்டல் லாஸ் ஆனா வண்டிய மாத்திக் கொடுக்க ஃபார்ம் 29, 30 வரும், அதுக்குப் பவர் பத்திரம் தேவைப்படலாம். டொரன்டோ இந்தியத் துணைத் தூதரகத்துல போட்டா, பத்திரம் ஊருக்கு வந்த மூணு மாசத்துக்குள்ள முத்திரைக் கட்டணம் கட்டணும்.

சிங்கை ஒற்றியூரான்:
சர்வேயர் வரும்போது மச்சான் கூட நிக்கட்டும், ரூஃபோட உள்பக்கத் துணியக் கழட்டிப் பாத்துட்டுத்தான் எஸ்டிமேட் முடிக்கணும். பிரிச்ச பிறகு புதுசா ஏதாவது தெரிஞ்சா வேலை தொடங்கறதுக்கு முன்னாடியே சப்ளிமென்டரி எஸ்டிமேட். அனுமதி இல்லாம மாத்தின பாகம் பில்லுல நிக்காது. மறுத்தா எழுத்துல காரணம் கேளுங்க. முதல்ல கம்பெனியோட குறைதீர்ப்புக்கு எழுதி 30 நாள் பாருங்க. அப்புறம் புகார் விசாரிக்கிற சென்னை இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன், கட்டணம் இல்ல, வக்கீலும் வேணாம், மறுத்து ஒரு வருசத்துக்குள்ள போகணும்.

ராயபுரம் அக்கா:
வண்டிய எடுக்கிற அன்னைக்கு மச்சானை ஒரு காரியம் பண்ணச் சொல்லு. திருப்தின்னு கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி முன்கண்ணாடி ஓரத்துலயும் ரூஃப் இணைப்புலயும் பத்து நிமிசம் ஹோஸ்ல தண்ணி அடிக்கச் சொல்லி, உள்ள உக்காந்து கால் மிதி கார்ப்பெட்டைத் தொட்டுப் பாக்கணும். ஈரம் இருந்தா வண்டிய எடுக்காதே.